குடும்பத்தில் ஓடும் சர்க்கரை



முதிர்ந்த வயதில் வரும் சர்க்கரை நோயில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்பதை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவரைப் பார்க்க வரும் இரண்டு விதமான மனிதர்களே இதற்குக் காரணம். ஒருவர், “அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கும் இருக்கு, எனக்கு வரத்தானே போகுது, நான் என்ன பண்ண முடியும் டாக்டர்?” என்பார். இன்னொருவர், “எங்க பரம்பரையிலேயே யாருக்கும் சுகர் கிடையாது, லேப்ல தப்பாப் போட்டிருப்பாங்க” என்பார். முன்னவர் பரம்பரையைச் சொல்லிச் சோர்ந்துபோகிறார். பின்னவர் அதே பரம்பரையைச் சொல்லி மருந்தைத் தள்ளிப்போடுகிறார். இருவரும் கண்ணையோ காலையோ சிறுநீரகத்தையோ விலையாகக் கொடுக்க நேர்கிறது. பரம்பரை உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை இருவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டிய கடமை மருத்துவர்களாகிய எங்களுக்கு உண்டு.

இந்த நோய் குடும்பங்களில் தொடர்வதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். சுச்ருத சம்ஹிதை நீரிழிவை உள்ளடக்கிய பிரமேக நோயை இரண்டாகப் பிரிக்கிறது: பிறவியோடு வருவது ஒன்று, ஒவ்வாத உணவாலும் உழைப்பின்மையாலும் வருவது மற்றொன்று. முதல் வகையினர் மெலிந்தவர்கள், இரண்டாம் வகையினர் பருத்தவர்கள் என்றும் சொல்கிறது. இன்றைய மருத்துவத்தின் முதல் வகை, இரண்டாம் வகை என்பவற்றோடு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் பிறப்பு, வாழ்முறை என்ற இரண்டு காரணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்தக் கூர்மை வியக்கத்தக்கது. நான் இன்று பேசப்போவது இப்போதைய இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றியே. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகையினர்.

பரம்பரையின் பங்கை அளக்க இரட்டையர்களைவிட நல்ல வழி கிடையாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையருக்கு மரபணுத் தொகுதி ஒன்றே. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் டேவிட் பைக்கும் அவருடைய சகாக்களும் 200 ஒத்த இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1981இல் வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு இருந்த 53 இணைகளில் 48 இணைகளில் இருவருக்குமே நோய் இருந்தது. முதல் வகையில் 147 இணைகளில் 80 மட்டுமே அப்படி. சிறு வயதில் வரும் நோய்தான் பிறவி நோய், பெரியவர்களுக்கு வருவது சாப்பாட்டால் வருவது என்று நினைத்திருந்த பலரை இந்த முடிவு திகைக்க வைத்தது. இரண்டாம் வகையே பரம்பரையோடு அதிகம் பின்னிப் பிணைந்தது.

53இல் 48 என்ற அந்த எண்ணைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். இருவருக்கும் நோய் இருக்கும் இணைகள்தான் மருத்துவர் கண்ணில் எளிதில் படும். ஒருவருக்கு மட்டும் வந்த இணைகள் ஆய்வுக்கு வராமலே போயிருக்கலாம். பின்லாந்தில் நாட்டின் இரட்டையர் பதிவேட்டை வைத்துப் பார்த்தபோது ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு 34 விழுக்காடு என்றும், தனித்தனிக் கருக்களாகத் தோன்றிய ஒவ்வா இரட்டையரில் 16 விழுக்காடு என்றும் 1992இல் தெரிந்தது. எந்த வயதுவரை அவர்களைத் தொடர்ந்து கவனிக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண்கள் ஏறும். எப்படி அளந்தாலும் ஒத்த இரட்டையரில் விகிதம் கூடுதலாகவே இருக்கிறது, எனவே பரம்பரை உண்டு. எங்குமே அது நூற்றை எட்டுவதில்லை, எனவே பரம்பரை மட்டுமே போதாது.

இரட்டையர் அல்லாத சாதாரணக் குடும்பங்களுக்கு அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊர் ஆய்வு ஒரு கணக்குத் தருகிறது. தாய் தந்தையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்கு, இருவருக்கும் இருந்தால் ஏறக்குறைய ஆறு மடங்கு. சென்னையில் மருத்துவர் எம். விசுவநாதன் குழுவினரும் தாய், தந்தை இருவருக்கும் சர்க்கரை இருந்த குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்களிடம் நோய் மிகுந்திருப்பதை 1985இலேயே எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த மரபணு எது? “எது” என்று ஒருமையில் கேட்டுத்தான் பல ஆண்டுகள் கழிந்தன. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டி.சி.எஃப்.7எல்2 என்ற மரபணுவில் ஒரு மாறுபாட்டைக் கண்டார்கள். உலகில் பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளில் இரண்டாம் வகை நீரிழிவோடு மிக வலுவான தொடர்புடையது அதுதான். சென்னை, புனே ஆய்வுகளும் இந்தியர்களிடம் அதை உறுதிசெய்தன. அந்த வலுவானதே ஒரு பிரதிக்கு 40 விழுக்காடு அளவுக்குத்தான் வாய்ப்பைக் கூட்டுகிறது. 2007இலிருந்து மரபணுத் தொகுதி முழுவதையும் ஒரேயடியாகச் சலித்துப் பார்க்கும் ஆய்வுகள் தொடங்கின. 2011இல் தெற்காசியரை வைத்து நடந்த ஆய்வு ஆறு புதிய இடங்களைச் சேர்த்தது. 2024இல் வெளியான ஆய்வு 25 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவிலிருந்து 611 இடங்களைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியே மிகச் சிறிய அளவு வாய்ப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். நம் எல்லோரிடமும் அவற்றில் சில இருக்கின்றன. “எங்க பரம்பரையிலேயே இல்லை” என்று சொல்ல உலகில் எவருக்கும் உரிமை இல்லை.

இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதிலுள்ள மரபணுக்களில் பெரும்பகுதி கணையத்தின் பீட்டா செல்களோடு, அதாவது இன்சுலினைச் சுரக்கும் செல்களோடு தொடர்புடையவை. உடல் பருத்து இன்சுலினுக்கு மசியாமல் போவதுதான் இந்த நோய் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அது பாதி உண்மை. கூடுதல் இன்சுலின் தேவைப்படும்போது ஈடுகொடுத்துச் சுரக்கும் வலிமை சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு. அந்த வலிமை உள்ளவர் எவ்வளவு பருத்தாலும் சர்க்கரை ஏறாமல் காலம் தள்ளிவிடுகிறார். இல்லாதவர் சிறு தொந்தி போட்டதுமே மாட்டிக்கொள்கிறார். “அவர் என்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறார், அவருக்கு ஒன்றும் வரவில்லை, எனக்கு மட்டும் ஏன்?” என்ற மனக்குறைக்கு விடை இங்கே இருக்கிறது. நோயாளியைப் பார்த்து “நாக்கை அடக்காததால் வந்தது” என்று கடிந்துகொள்பவர்கள், அவர்களில் மருத்துவர்களும் இருக்கிறார்கள், இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நம் உடல்வாகு இதில் தனியாகப் பேசப்பட வேண்டியது. 2004இல் லான்செட் இதழில் இரு மருத்துவர்கள் ஒன்றாக நிற்கும் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லி. உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. வெளியே மெலிந்து, உள்ளே, குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்புச் சேர்த்துவைக்கும் உடல் நம்முடையது. அதனால்தான் இந்தியர்களுக்கு எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்கிறோம். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லை வைத்திருக்கிறோம். மேலை நாட்டாரிடம் கண்ட மரபணு முடிவுகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. பி.பி.ஏ.ஆர். காமா என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு வெள்ளையர்களை இந்த நோயிலிருந்து ஓரளவு காக்கிறது. சென்னையிலும் அமெரிக்காவின் டாலஸ் நகரிலும் உள்ள தெற்காசியர்களை ஆராய்ந்தபோது அதே மாறுபாடு அவர்களுக்கு அந்தக் காப்பைத் தரவில்லை என்று 2006இல் தெரியவந்தது. டாலஸுக்குக் குடிபெயர்ந்தும் இதில் மாற்றமில்லை. நம் மக்களை நாமே ஆராய்ந்தால்தான் நமக்கு விடை கிடைக்கும்.

மரபணு இவ்வளவு பேசினாலும் ஒன்றை அதனால் விளக்க முடியாது. சென்னை நகரத்துப் பெரியவர்களில் சர்க்கரை நோய் 1989இல் 8.3 விழுக்காடு. 2004இல் 14.3. பதினைந்து ஆண்டுகளில் ஒரு நகரத்தின் மரபணுக்கள் மாறுவதில்லை. மாறியவை நம் தட்டும் நடையும் உறக்கமும் வேலையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் நாடு முழுவதும் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நோய் இருப்பதாகவும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் கணக்கிட்டது.

ஒரே குருதி இரண்டு மண்ணில் வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பீமா மக்களைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா ஆற்றங்கரையில் வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்துவந்த பழங்குடியினர் இவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. பின்னர் அரசு கொடுத்த மாவும் பன்றிக்கொழுப்பும் சர்க்கரையுமே உணவாயின. அவர்களின் உறவினரான பீமா மக்கள் மெக்சிகோவின் சியரா மாத்ரே மலைப்பகுதியில் மய்க்கோபா என்ற ஊரைச் சுற்றி இன்னும் உழவு செய்து வாழ்கிறார்கள். 2006இல் வெளியான ஆய்வில் இரு பகுதியினரையும் ஒப்பிட்டபோது அமெரிக்கப் பீமாக்களில் 38 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மெக்சிகோ பீமாக்களில் 6.9 விழுக்காட்டினருக்கு மட்டுமே. தண்ணீரைப் பறிகொடுத்த ஒரு சமூகத்தின் நோயை அவர்களுடைய மரபணுவின் குறை என்று மட்டும் எழுதிவைப்பது அநீதி. மெக்சிகோ பீமாக்களோடு ஒரே வட்டாரத்தில் வாழும் பிற இனத்தாரிடம் நோய் அதைவிடக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். மரபணு அங்கேயும் இருக்கிறது. அது தலைதூக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பஞ்சத்தில் உயிர்காத்த மரபணுவே செழிப்பில் நோயாகிறது என்ற கருத்தை ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்தார். அழகான கருத்து, எல்லோரும் மேற்கோள் காட்டும் கருத்து. ஆனால் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியொரு சிக்கன மரபணு பொதுவாக எல்லா மக்களிடமும் இருப்பதாக நிறுவப்படவில்லை. சமோவா தீவில் பலரிடம் உள்ள ஒரு மாறுபாடு உடல் எடையைக் கூட்டுகிறது, ஆனால் நீரிழிவு வாய்ப்பைக் குறைக்கிறது. நீலின் கருத்தை எச்சரிக்கையோடு கையாள இதுவே போதும்.

தாயின் கருப்பைக்கு இனி வருகிறேன். ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1992இல், கருவில் ஊட்டம் குறைந்த குழந்தை பிற்காலத்தில் நீரிழிவுக்கு ஆளாகிறது என்ற கருத்தை எழுதினார்கள். 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படையின் முற்றுகையால் பட்டினி கிடந்த நெதர்லாந்துத் தாய்மார்களின் வயிற்றில் இருந்த குழந்தைகளை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியிருந்தது. இது பட்டினியின் வழி. மிகைச் சர்க்கரையின் வழி இன்னொன்று. அதையும் பீமா மக்களே கற்றுத்தந்தார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில், தாய்க்குச் சர்க்கரை வருவதற்கு முன் பிறந்தவரையும் வந்த பின் பிறந்தவரையும் 2000இல் ஒப்பிட்டார்கள். பின் பிறந்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு 3.7 மடங்கு. தந்தைக்கு நோய் வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களிடம் அப்படி எந்த வேறுபாடும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே பெற்றோரிடமிருந்து மரபணு பெற்றவர்கள். வேறுபட்டது அவர்கள் ஒன்பது மாதம் வளர்ந்த இடத்தின் சர்க்கரை அளவு.

நாம் பரம்பரை என்று எழுதும் கணக்கில் ஒரு பகுதி உண்மையில் கர்ப்பகாலத்தின் கணக்கு, எனவே நம்மால் திருத்தக்கூடியது. மருத்துவர் வீ. சேஷையாவின் முயற்சியால் தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பது அரசின் நடைமுறையாயிற்று. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140ஐத் தொடுகிறதா என்று பார்க்கும் எளிய முறை அது. அடுத்த தலைமுறையின் நீரிழிவைத் தடுக்க இதைவிடச் செலவு குறைந்த வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை. இதைச் சொல்லும்போது ஒரு வேண்டுகோள்: தாயைக் குற்றம் சாட்ட இந்த அறிவைப் பயன்படுத்தாதீர்கள். “உன் வீட்டு நோயை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்துட்டே” என்று மருமகளிடம் பேசும் வீடுகளை நாம் அறிவோம். தந்தைவழி மரபணுவும் பிள்ளைக்குப் பாதி வருகிறது. ஃபிராமிங்காம் கணக்கில் தாய்க்கும் தந்தைக்கும் ஏறத்தாழ ஒரே எண்தான்.

இதுவரை சொன்னது பல நூறு மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஒற்றை மரபணு செய்யும் வேலை முற்றிலும் வேறு. மருத்துவ மாணவர்கள் இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ராபர்ட் டாட்டர்சால் 1974இல் சில குடும்பங்களை விவரித்தார். இளம் வயதிலேயே சர்க்கரை தொடங்கியும் அவர்களில் பலருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை. தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தவறாமல், ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் வந்தது. இதை மோடி என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறோம். குளுக்கோகைனேஸ் மரபணுவின் குறை 1992இலும், எச்.என்.எஃப்.1 ஆல்ஃபா மரபணுவின் குறை 1996இலும் கண்டறியப்பட்டன. முதலாவது உள்ளவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்தது முதல் சற்றே கூடுதலாக இருக்கும், மேலும் ஏறுவது அரிது. கர்ப்ப காலம் தவிர மருந்தே வேண்டியதில்லை. இரண்டாவது உள்ளவருக்கு சல்ஃபோனைல்யூரியா என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை சிறிய அளவிலேயே நன்றாக வேலை செய்யும். பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வரும் குழந்தைகளிலும் ஒரு பகுதியினரிடம் பொட்டாசியம் வாயிலின் மரபணுக் குறை இருப்பது 2004இல் தெரிந்தது. ஊசியோடு வாழ்ந்த அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அதே மாத்திரைக்கு மாற முடிந்தது. மரபணு அறிவு நோயாளியின் கையிலிருந்து ஊசியை வாங்கி வைத்த தருணம் அது.

மெலிந்த உடல், இருபத்தைந்து வயதுக்குள் தொடக்கம், மூன்று தலைமுறைத் தொடர்ச்சி, முதல் வகைக்குரிய எதிர்ப்பொருள்கள் இல்லாமை ஆகியவை ஒன்றுசேர்ந்தால் மரபணுப் பரிசோதனையைக் கேளுங்கள். சென்னையிலேயே அதற்கு வசதி உண்டு. நம் நாட்டில் இரண்டாம் வகையே இளம் வயதில் வருகிறது, குடும்பத்தில் பலருக்கும் இருக்கிறது. அதனால் வெறும் குடும்ப வரலாற்றை வைத்து மோடி என்று முடிவுகட்டுவதும் தவறு.

சாதாரண இரண்டாம் வகைக்கு மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எச்சிலை அனுப்பினால் உங்கள் நீரிழிவு வாய்ப்பைச் சொல்கிறோம் என்ற விளம்பரங்கள் வருகின்றன. என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன்: இன்றைய நிலையில் அது தேவையற்ற செலவு. அப்படித் தரப்படும் மதிப்பெண்களில் பல ஐரோப்பியத் தரவிலிருந்து பிறந்தவை, நமக்கு அவை அந்த அளவு பொருந்துவதில்லை. பெற்றோருக்கு நோய் உண்டா, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, வயது என்ன, உடலுழைப்பு உண்டா என்ற நான்கு கேள்விகளும் ஒரு இரத்தப் பரிசோதனையும் அதைவிடப் பயனுள்ளவை.

மரபணுவில் வாய்ப்பு எழுதியிருந்தால் முயற்சி வீண்தானே என்ற அந்த முதல் மனிதரின் கேள்விக்கு ஆய்வே விடை சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து நடத்தி 2002இல் வெளியான தடுப்பு ஆய்வில், எடையில் ஏழு விழுக்காட்டைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காகக் கொண்ட பிரிவினருக்கு நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. அதே ஆட்களின் டி.சி.எஃப்.7எல்2 மரபணுவை 2006இல் பார்த்தார்கள். ஆபத்தான மாறுபாட்டின் இரண்டு பிரதிகளும் உடையவர்களுக்கு, ஒன்றும் மாற்றாத பிரிவில், நோய் வரும் வேகம் அந்த மாறுபாடே இல்லாதவர்களைவிட 80 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வாழ்முறையை மாற்றிய பிரிவில் அந்தக் கூடுதல் 15 விழுக்காடாகச் சுருங்கியது. மரபணு அப்படியே இருந்தது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட இந்தியத் தடுப்பு ஆய்வில், எதுவும் செய்யாத பிரிவினரில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39. அமெரிக்கர்களைவிட மெலிந்த உடலும் வலுவான குடும்ப வரலாறும் கொண்ட நம் மக்களிடம் கிடைத்த பயன் இது. அமெரிக்கர்களுக்குக் கிடைத்த அளவு இல்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. நம் பீட்டா செல்களின் நலிவு அதில் ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் நாம் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

இன்று நாம் ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டதும் அவருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவருடன் பிறந்தவர்களையும் வளர்ந்த பிள்ளைகளையும் நாம் கேட்பதே இல்லை. அவர்கள் கால் புண்ணோடும் மங்கிய கண்ணோடும் பத்தாண்டு கழித்துத் தாமாக வருகிறார்கள். எனவே இந்த அவையில் இருக்கும் மருத்துவர்களை வேண்டுகிறேன்: ஒவ்வொரு புதிய நோயாளியின் சீட்டிலும் உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரின் பெயரை எழுதி, அவர்களுக்கும் பரிசோதனை ஆயிற்றா என்று அடுத்த முறை கேளுங்கள். பொதுமக்களாக வந்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யார் யாருக்குச் சர்க்கரை, எந்த வயதில் தொடங்கியது, அப்போது ஒல்லியா பருமனா, மாத்திரையா ஊசியா, கர்ப்பத்தின்போது வந்ததா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதை எடுத்துச் செல்லுங்கள். பெற்றோருக்கு நோய் இருந்தால் முப்பது வயது வரை காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்குப் பணம் கேட்பதில்லை. இந்த வாரமே உங்கள் தம்பியையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு போங்கள்.